2028க்கு யார்? கருக்கலைப்பு பற்றி வேட்பாளரிடம் இனி என்ன கேட்பது?

அயோவாக்காரன்

2024 ஜனவரி 15, ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்கள் கூடி ஓட்டுப் போடும் காகஸ் எங்கள் அயோவாவில் நடந்த ராத்திரி. வெளியே குளிர் ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்கும் கீழே. எங்கள் வட்டாரத்துக்குப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் இடம். குடியரசுக் கட்சி காகஸில் இயந்திரமெல்லாம் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒருவர் எழுந்து கொஞ்ச நேரம் பேசுவார், அப்புறம் ஆளுக்கொரு வெள்ளைத் துண்டுச் சீட்டு தருவார்கள், அதில் பெயரை எழுதி மடித்துப் போட வேண்டியதுதான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். கோட்டில் இரண்டு குட்டிப் பாதங்கள் போட்ட பின் குத்தியிருந்தார். பத்து வாரக் கருவின் பாதம் என்ன அளவோ அதே அளவில் செய்த பின் அது, கருக்கலைப்பை எதிர்க்கிறவர்கள் பல வருஷமாக அணிவது. அவர் டிசான்டிஸ் பெயரைத்தான் எழுதுவார் என்று நினைத்தேன். ஃப்ளோரிடா கவர்னராக, ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், எங்கள் கவர்னர் கிம் ரெனால்ட்ஸே அவருக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். டிரம்ப்போ நாலு மாதம் முன்னால்தான் டிவியில் அந்தச் சட்டத்தைப் பெரிய தவறு என்று சொல்லியிருந்தார். அந்த அம்மா எழுதியது டிரம்ப் பெயரை. மனசு கேட்காமல் ஏன் என்று கேட்டுவிட்டேன். "ரோ தீர்ப்பை உடைத்தது அவர் போட்ட நீதிபதிகள். எனக்கு வேறென்ன வேண்டும்" என்றார். நாடு முழுக்கக் கருக்கலைப்பை உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் ரோ.

மாநிலம் முழுக்க டிரம்ப் 51 சதவீதம், டிசான்டிஸ் 21. நான் எழுதியது டிசான்டிஸ். ரொம்ப நாள் எனக்குக் கோபம் ஆறவில்லை.

நான் ஏன் இந்த ஒரு விஷயத்தை முதலில் வைக்கிறேன் என்று இங்கே சிலர் முன்பே கேட்டிருக்கிறார்கள். என் பாட்டி ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பாட்டிக்குப் பிறந்த பெண்கள் நாலு பேர், வளர்ந்தது என் அம்மா மட்டும். மற்ற மூன்று பேரைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அப்புறம் ஸ்கேன் வந்தது, கள்ளிப்பாலில் நடந்த காரியம் வயிற்றுக்குள்ளேயே முடிய ஆரம்பித்தது. இதைப் பார்த்து வளர்ந்தவன் நான், என்னால் இதைப் பத்தோடு பதினொன்றாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது 2028க்கு யார் என்ற பேச்சு வருகிறது. எங்கள் மாநிலத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள், கை குலுக்குவார்கள், எல்லோரும் "நான் கருவுயிரின் பக்கம்" என்பார்கள். இனி அந்த வாக்கியத்தை வைத்து எடை போடப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த அம்மா கணக்குப் போட்ட விதம் சரி என்று இப்போது புரிகிறது, ஆனால் அது 2022 ஜூன் 24 வரைக்குமான கணக்கு. அன்று ரோவை ரத்து செய்த டாப்ஸ் தீர்ப்புக்குப் பிறகு ஜனாதிபதி கையில் இருக்கும் வேலையே வேறு. யாரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பீர்கள், எதில் கையெழுத்துப் போடுவீர்கள் என்று மட்டும்தான் கேட்கப் போகிறேன். நீங்கள் எல்லாம் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய ரிபப்ளிகன்

தம்பி, அந்த அம்மா சொன்னதை உங்களுக்கு முன்னால் எங்கள் தலைமுறை அடிபட்டுக் கற்றது. என் முதல் ஓட்டு 1988இல், மூத்த புஷ்ஷுக்கு.

ரீகனை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் கலிஃபோர்னியா கவர்னராகக் கருக்கலைப்பைத் தளர்த்திய சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். தாயின் மனநலத்தையும் காரணமாகக் காட்டலாம் என்று அதில் ஒரு வாசல் இருந்தது, அந்த வாசல் வழியாக எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. பின்னால் மனசார வருந்தினார், நான் அதைச் சந்தேகப்படவில்லை. ஆனால் ஜனாதிபதியாக வந்து 1981இல் உச்ச நீதிமன்றத்துக்கு யாரை அனுப்பினார்? சாண்ட்ரா டே ஓ'கானரை. 1987இல் ராபர்ட் போர்க் என்பவரை நீதிபதியாக முன்மொழிந்தார், செனட் 58க்கு 42 என்று தோற்கடித்தது, கடைசியில் அந்த இடத்துக்கு வந்தவர் கென்னடி. அப்புறம் மூத்த புஷ், 1990இல் சூட்டர். 1992இல் கேஸி வழக்கு வந்தபோது ரோ தீர்ப்பின் மையத்தைக் காப்பாற்றி எழுதியவர்கள் யார் என்றால் இந்த மூன்று பேர்தான். 5க்கு 4. மூவரும் நம் கட்சி ஜனாதிபதிகள் நியமித்தவர்கள். அந்த வாரம் சர்ச்சில் எங்கள் குழுவில் ஒருவரும் சரியாகப் பேசவில்லை. இருபது வருஷம் ஊர்வலம் போனது, கதவு கதவாகத் தட்டியது, எல்லாம் நாமே தேர்ந்தெடுத்தவர்கள் கையால் போயிற்று.

அதே புஷ்தான் அடுத்த வருஷமே தாமஸையும் போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மனிதர், ஒரே நம்பிக்கை, ஒரு வருஷ இடைவெளி. ஒருவர் ரோவைக் காத்தார், ஒருவர் உடைத்தார். வேட்பாளர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று துருவித் துருவிப் பார்த்து என்ன பிரயோஜனம்?

2005இல் இளைய புஷ் உச்ச நீதிமன்றத்துக்கு ஹேரியட் மையர்ஸை அறிவித்ததும் நம் ஆட்களே போர்க்கொடி தூக்கினார்கள். என் மகன் கூட "அப்பா, சொந்தக் கட்சி ஜனாதிபதியையா எதிர்க்கிறீர்கள்" என்று கேட்டான். எதிர்த்தோம், அவர் விலகினார், அந்த இடத்துக்கு வந்தவர் அலிட்டோ. 2022இல் டாப்ஸ் தீர்ப்பை எழுதியவர் அவர்தான். அதனால்தான் 2016 மே மாதம் டிரம்ப் உச்ச நீதிமன்றத்துக்கு 11 பெயர்களை வெளியிட்டபோது எனக்கு அந்தப் பட்டியல் போதுமானதாக இருந்தது. 1999இல் அதே மனிதர் டிவியில் உட்கார்ந்து கருக்கலைப்பு உரிமையின் பக்கம் என்று சொன்னவர் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

கொலம்பஸ் ராஜா

வரலாறு எல்லாம் சரி ஐயா, ஆனால் வாக்குச்சீட்டில் நடப்பதையும் பார்க்க வேண்டும். நானும் கன்சர்வேட்டிவ்தான், வரி, எல்லை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும். ஓஹாயோவில் 2023 நவம்பரில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். கிட்டத்தட்ட 57 சதவீதம் ஆம் என்றார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னால் கான்ஸாஸ், அதுவும் கான்ஸாஸ், அந்த உரிமையை நீக்கலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றவர்கள் 59, சரி என்றவர்கள் 41. 2024இல் மிசௌரியில் டிரம்ப் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், அதே நாள் அதே சீட்டில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தமும் நிறைவேறியது. ஃப்ளோரிடாவில் 57 சதவீதம் வாங்கியும் தோற்றது, காரணம் அங்கே 60 வேண்டும்.

என் தெருவில் அந்த 2023 அக்டோபரில் ஒரு வீட்டு வாசலில் நம் கட்சிப் பலகையும், "ஆம் என்று போடு" பலகையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டிருந்தது. அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும், மூன்று பெண் குழந்தைகள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வேறு கட்சிக்குப் போகவில்லை, இதில் மட்டும் நம்மோடு இல்லை. இந்த மாதிரி ஆட்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்காமல் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தால் நாம் எதையும் காப்பாற்ற முடியாது.

மில்வாக்கியில் 2023 ஆகஸ்டில் நடந்த நம் கட்சி வேட்பாளர்களின் முதல் விவாதத்தில் நிக்கி ஹேலி சொன்னது ஒன்றுதான் எனக்கு நேர்மையாகப் பட்டது. நாடு முழுக்கத் தடை என்றால் செனட்டில் 60 ஓட்டு வேண்டும், அது நம்மிடம் இல்லை, மக்களிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றார். முன்னாள் துணை ஜனாதிபதி பென்ஸ் அதை ஒத்துக்கொள்ளவில்லை, எல்லோரையும் ஒத்துப்போக வைப்பது தலைமை ஆகாது என்கிற மாதிரிப் பேசினார். பென்ஸ் அக்டோபரிலேயே போட்டியிலிருந்து விலகிவிட்டார். நம் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை விவேக் ராமசாமியும் அதே மேடையில் இருந்தார், அவரும் இது மாநிலங்களின் வேலை, ஃபெடரல் தடை வேண்டாம் என்கிற கட்சிதான்.

டல்லாஸ் மீனா

நான் இந்த இழையைப் படித்துவிட்டு எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். முடியவில்லை.

நானும் உங்கள் கட்சிக்கு ஓட்டுப் போட்டவள். 2022 அக்டோபர். என் தங்கை, கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான கர்ப்பம். பதினேழாவது வாரத்தில் ராத்திரி பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஊரையும் பெயரையும் எழுதப் போவதில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குழந்தை பிழைக்க வழியில்லை, தண்ணீர் முழுக்கப் போய்விட்டது என்று தெளிவாகச் சொன்னார். சரி, இனி என்ன செய்வது என்று மாப்பிள்ளை கேட்டார். இதயத்துடிப்பு இருக்கிறது, அதனால் இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன், கெட்டவர் இல்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். டெக்ஸஸ் சட்டப்படி தவறாகப் போனால் லைசென்ஸ் போகும், லட்சம் டாலர் அபராதம், ஆயுள் வரைக்கும் ஜெயில்.

அப்புறம் நடந்தது என்னவென்றால், ஒரு நர்ஸ் மணிக்கு ஒரு தடவை வந்து தங்கையின் காய்ச்சலைப் பார்த்தாள். 98.9. 99.1. 99.6. ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டாள். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது, நாங்கள் எல்லோரும் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கிறோம். தொற்று ஏறி அவள் உயிருக்கு ஆபத்து என்று எழுத முடிந்தால்தான் கை வைப்பார்கள். எங்கள் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து கந்த சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தார், என்ன வேண்டிக்கொள்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தங்கை ஐசியுவில் நாலு நாள் இருந்தாள்.

அடுத்த வருஷம் டெக்ஸஸ் சட்டசபையே பனிக்குடம் முன்கூட்டி உடைந்த நிலைக்கு டாக்டர்களுக்கு ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. அதாவது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணா, உங்கள் பாட்டி கதையைப் படித்து எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் இந்தியாவில் அதற்கு என்ன செய்தார்கள்? 1994இல் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடை செய்தார்கள். 1971இலிருந்து இருக்கும் கருக்கலைப்புச் சட்டத்தை எடுத்துவிடவில்லை. நோய்க்கு மருந்து கொடுத்தார்கள், எல்லோரையும் பட்டினி போடவில்லை.

அயோவாக்காரன்

மீனா, படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. உங்கள் தங்கைக்கு நடந்ததை நான் எந்த வார்த்தை சொல்லியும் நியாயப்படுத்த மாட்டேன். அந்தக் குழந்தையைக் காப்பாற்ற வழியே இல்லை என்று தெரிந்த பிறகு தாயின் உடம்பில் காய்ச்சல் ஏறட்டும் என்று காத்திருப்பது கருவுயிரைக் காப்பது ஆகாது. எங்கள் பக்கத்தில் பலர் இந்த மாதிரிச் செய்திகளைக் கேட்டால் "டாக்டர்கள் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், நானும் அப்படிச் சொன்னவன்தான். டாக்டருக்குப் புரியாத மாதிரி எழுதியது யார் என்று கேட்டதில்லை.

இந்தியச் சட்டம் பற்றி நீங்கள் சொன்னதும் உண்மை. அதற்குப் பிறகும் கள்ளத்தனமாக ஸ்கேன் பார்த்துச் சொல்வது நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், தொட்டில் குழந்தைத் திட்டமெல்லாம் வந்தும் எங்கள் பக்கம் அது லேசில் ஓயவில்லை. அதனால் என் அடிப்படை மாறவில்லை. ஆனால் வேட்பாளரிடம் கேட்க வேண்டியதில் ஒன்று கூடியிருக்கிறது.

பார்மசி குமார்

நான் மருந்துக்கடையில் நாள் பூராவும் நிற்பவன், எந்தப் பக்கமும் பெரிதாகச் சத்தம் போடாதவன். ஆனால் அயோவாக்காரன் சொன்ன "நாற்காலி" விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோரும் ஆறு வாரம், பதினைந்து வாரம் என்றே பேசுகிறீர்கள்.

இப்போது இந்த நாட்டில் நடக்கும் கருக்கலைப்பில் பாதிக்கு மேல் மாத்திரை. 2023 கணக்கில் 63 சதவீதம். மிஃபெப்ரிஸ்டோன் என்கிற அந்த மாத்திரைக்கு, மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2000இல் அனுமதி கொடுத்தது, பைடன் காலத்தில் நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்தார்கள், அதனால் தபாலில் போகிறது. டெக்ஸஸில் தடை இருந்தாலும் வேறு மாநிலத்திலிருந்து உறை வந்துவிடுகிறது. இதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் சேர்ந்து தள்ளியது. மாத்திரை சரியா தப்பா என்று அவர்கள் சொல்லவில்லை, வழக்குப் போட்ட டாக்டர்களுக்கு வழக்குப் போடும் தகுதி இல்லை என்றார்கள். அப்படியென்றால் முடிவு எங்கே? எஃப்டிஏ கமிஷனர் மேஜையில். இன்னொன்று, 1873இல் போட்ட காம்ஸ்டாக் சட்டம், ஆபாசப் பொருளோடு கருக்கலைப்புக்கான பொருளையும் தபாலில் அனுப்பக் கூடாது என்பது. அது இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தூசி தட்டி எடுப்பதா வேண்டாமா என்பது நீதித்துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் மேஜை. ரெண்டு நாற்காலியிலும் ஆளைப் போடுவது ஜனாதிபதி. எந்தச் சட்டசபையும் ஓட்டுப் போட வேண்டியதில்லை.

வான்ஸ் பெயர் 2028க்கு அடிபடுகிறது இல்லையா? 2023 ஜனவரியில் காம்ஸ்டாக்கை அமல்படுத்துங்கள் என்று நீதித்துறைக்கு எழுதிய கடிதத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. 2024 ஜூலையில் துணை ஜனாதிபதி வேட்பாளராகும் நேரத்தில் மாத்திரை கிடைப்பதை ஆதரிக்கிறேன் என்றார். ரெண்டும் அவர்தான். எது நிற்கும் என்று கேட்பதற்கு அயோவாதான் இடம்.

கொலம்பஸ் ராஜா

குமார் சொல்வது எனக்கே புதுசு, ஒத்துக்கொள்கிறேன். நான் "மாநிலங்களுக்கு விட்டுவிட்டோம், முடிந்தது" என்றே நினைத்திருந்தேன். தபால் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை என்றால் விட்டது எங்கே. ஆனால் ஒரு பயம். இதை பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், வெளிப்படையாகக் கேட்டால் வேட்பாளர் பதில் சொல்லியாக வேண்டும், அந்த வீடியோவை நவம்பரில் எதிர்க்கட்சி ஓட்டிக்கொண்டே இருக்கும். 2016 மார்ச்சில் கிரீன் பேயில் நடந்தது நினைவிருக்கிறதா? கருக்கலைப்பு சட்டவிரோதமானால் பெண்ணுக்குத் தண்டனை உண்டா என்று கேட்டார்கள், டிரம்ப் ஏதோ ஒரு தண்டனை இருக்க வேண்டும் என்றார், அன்றைக்கே மாற்றிப் பேச வேண்டியதாயிற்று. கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்புகளே அந்தப் பதிலை எதிர்த்தன.

பழைய ரிபப்ளிகன்

ராஜா, மழுப்பலாகப் பேசச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா, நாம்தான். 1976இல் முதன்முதலில் கட்சி அறிக்கையில் கருவுயிர் பற்றி வந்தது, 1984இலிருந்து அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம் தரும் பாதுகாப்பு கருவுக்கும் உண்டு என்று பளிச்சென்று எழுதி, அரசியலமைப்புத் திருத்தமும் கேட்டார்கள். நாற்பது வருஷம் அது அப்படியே இருந்தது, 2024 ஜூலையில் ஒரே வாரத்தில் சுருக்கி, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டார்கள். மாநாட்டு ஆட்கள் பெரும்பாலும் எதிர்க்கக்கூட இல்லை. நான் நாற்பது வருஷம் நம்பிய வரி அது. கேள்வி கேட்டால் தோற்போம் என்று பயந்து பயந்து கடைசியில் கேள்வியே இல்லாமல் போய்விட்டது.

2007இல் நியூயார்க் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி நம் கட்சி வேட்பாளர் கருத்துக்கணிப்பில் எல்லாம் முதலில் இருந்தார், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர். அன்றைக்கு ஜேம்ஸ் டாப்சன் மாதிரி கிறிஸ்தவத் தலைவர்கள் அவருக்கு ஓட்டுப் போட மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒரு மாநிலம்கூட ஜெயிக்காமல் விலகினார். அந்த அளவு உறுதி இன்றைக்கு எங்கே இருக்கிறது?

மீனாம்மாவுக்கு ஒன்று. நான் 1992க்காக அழுதவன். உங்கள் தங்கைக்காக அழ வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் மீனா

ஐயா, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதே போதும்.

ஆனால் ஒரு விஷயம், இந்த இழையில் எல்லோரும் நீதிபதி, எஃப்டிஏ, அட்டர்னி ஜெனரல் என்கிறீர்கள். எங்களுக்கு அந்த ராத்திரி வேண்டியிருந்தது இன்னொரு நாற்காலி. 1986இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று இருக்கிறது, எம்டாலா என்பார்கள். எமர்ஜென்சி வாசலுக்கு வந்தவரை நிலைப்படுத்தாமல் ஆஸ்பத்திரி அனுப்பக் கூடாது என்பது. அதில் கருக்கலைப்பும் சேருமா என்பதைச் சுகாதாரத் துறை ஒரு வழிகாட்டுதலில் சொல்கிறது. 2022 ஜூலையில் பைடன் அரசு சேரும் என்று எழுதியது, டெக்ஸஸ் கோர்ட்டுக்குப் போய் அதை இங்கே நிறுத்தி வைத்தது, 2025 ஜூனில் டிரம்ப் அரசு அந்த வழிகாட்டுதலையே திரும்பப் பெற்றது. சட்டம் அப்படியே இருக்கிறது, டாக்டருக்கு விளக்கம் சொல்ல ஆள் இல்லை. என் பிரைமரி ஓட்டு இனி இதைத் தெளிவாகச் சொல்கிறவருக்குத்தான், அவர் எத்தனை வாரம் என்று சொன்னாலும்.

அயோவாக்காரன்

குமார், மீனா, ரெண்டு பேர் எழுதியதையும் தாளில் குறித்து வைத்துக்கொண்டேன். முதல் ஆள் எங்கள் பக்கம் வந்து பீட்சா கடையிலோ சர்ச் ஹாலிலோ கூட்டம் போடும்போது கையைத் தூக்கப் போகிறேன். இங்கே அது முடியும், ஐம்பது பேர் இருப்பார்கள், மைக் கைக்கு வரும். மூன்று கேள்வி. எஃப்டிஏ கமிஷனராக வருகிறவரிடம் தபால் மாத்திரை பற்றி என்ன சொல்லி அனுப்புவீர்கள்? செனட்டில் 60 ஓட்டு இல்லாதபோது எதில் கையெழுத்துப் போடுவேன் என்று எங்களுக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள்? மூன்றாவது, உங்கள் ஆட்சியில் பனிக்குடம் உடைந்த பெண் படுத்திருக்கும் அறையில் டாக்டர் யாரைக் கேட்டுவிட்டுக் கை வைக்க வேண்டும்?

கருவுயிரின் பக்கம் நிற்பவன் என்பதால்தான் மூன்றாவதைக் கேட்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து இதைக் கேட்டால்தான் அவர்கள் காது கொடுப்பார்கள்.

மீனா, உங்கள் தங்கைக்குச் சம்மதம் என்றால் மட்டும், அந்த நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து காய்ச்சல் பார்த்ததைச் சொல்லிவிட்டுக் கேட்கலாமா? இல்லை என்றால் விட்டுவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டல்லாஸ் மீனா

நேற்று ராத்திரி போனில் கேட்டேன் அண்ணா. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் சரி என்றாள். ஊர், ஆஸ்பத்திரி, எங்கள் பெயர் எதுவும் வேண்டாம். எண்ணை மட்டும் சரியாகச் சொல்லச் சொன்னாள். அவர்கள் காத்திருந்தது 100.4க்கு.